கொடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க

அன்பு பாப்பாவுக்கு,

அம்மா எழுதுறேன். நல்லா இருக்கியா, நேரத்துக்குச் சாப்புடுறியா? அப்பாவுக்கு சுகர் கொஞ்சம் கொறஞ்சிருக்கு, கவலைப்படாத.

நேத்து போன்ல நீ சொன்னதையே நெனச்சுக்கிட்டு இருக்கேன். உங்க கம்பெனில சிஎஸ்ஆர் கமிட்டில, அதான் லாபத்துல ஒரு பங்க ஊருக்கு நல்லது செய்யச் செலவு பண்ற கமிட்டில உன்னையச் சேத்துருக்காங்க, நம்ம உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஸ்கூலுக்கு ஏதாச்சும் செய்யலாம்னு இருக்கோம், என்ன செய்யலாம்னு சொல்லும்மான்னு கேட்டியே, கேட்டதும் மனசு நெறஞ்சு போச்சு தாயி. போன்ல பேசுனா பாதி விட்டுப்போகும், நீயும் மீட்டிங்னு வச்சுருவ, அதான் உக்காந்து டைப் பண்றேன். நீளமாத்தான் இருக்கும், முழுசாப் படி.

பெரிய கம்பெனிங்க மூணு வருஷ லாபத்தோட சராசரில நூத்துக்கு 2 ரூவா இதுக்குன்னு செலவு பண்ணணும்னு 2013ல சட்டம் போட்டு 2014 ஏப்ரல்ல இருந்து நடக்குதுன்னு நீ வெளக்கமாச் சொன்ன. அதுல இன்னொண்ணும் சொன்ன பாரு, கம்பெனி இருக்க ஏரியாவுக்கு முன்னுரிமை கொடுக்கணும்னு சட்டத்துலயே இருக்குன்னு, அதுதான் எனக்கு உறுத்துது. கம்பெனி இருக்கறது சென்னை, கோயம்புத்தூர், ஓசூரு. அங்கதான் ஏற்கனவே ரோடும் இருக்கு, வேலையும் இருக்கு. ஒரு ஃபேக்டரியும் இல்லாத நம்ம பக்கத்துக்கு யாரு வருவா? நீ நம்ம ஊரத் தேடுனது அதுனாலதான் எனக்குப் பெருசாப் படுது.

ஆனா ஸ்மார்ட் போர்டு வாங்கிக் கொடுக்கலாம், செவுத்துக்குப் பெயின்ட் அடிச்சுப் படம் வரையலாம்னு உங்க டீம்ல பேசுறாங்கன்னியே, அதுல அம்மாவுக்கு இஷ்டமில்ல. ஏன்னு சொல்றேன்.

நான் சத்துணவு அமைப்பாளரா இருந்த ஸ்கூல்ல ஒரு கம்பெனிக்காரங்க பொம்பளப் புள்ளைங்களுக்கு பாத்ரூம் கட்டிக் கொடுத்தாங்க. நல்ல டைல்ஸ், வெள்ளை வெளேர்னு, வாசல்ல கம்பெனி பேரப் போட்டு கிரானைட் கல்லு. தெறப்பு விழாவுக்கு கார்ல வந்தாங்க, ரிப்பன் வெட்டுனாங்க, புள்ளைங்கள வெயில்ல நிக்க வச்சு போட்டோ எடுத்தாங்க, போயிட்டாங்க. மேல டேங்க் இருந்துச்சு, அதுக்குத் தண்ணி ஏத்த மோட்டார் லைன் கொடுக்கல. கழுவுறதுக்கு ஆளும் போடல. கொஞ்ச நாள்லயே உள்ள நொழைய முடியாமப் போயி பூட்டுப் போட்டாங்க. எட்டாவது படிக்கிற ஒரு புள்ள, சாப்புட்டுத் தட்டக் கழுவிட்டு வாயக் கொப்பளிச்சுத் துப்பிரும், ஒரு மடக்குக் கூட முழுங்காது. ஏத்தா தண்ணி குடிக்க மாட்டேங்கிறன்னு கேட்டேன். "குடிச்சா ஒண்ணுக்கு வரும் டீச்சர், வீட்டுக்குப் போயித்தான் போகணும்" அப்படின்னுச்சு. சித்திரை வெயிலு எப்படி அடிக்கும்னு உனக்குத் தெரியும்ல, அந்த வெயில்ல காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் அந்தப் புள்ள தண்ணி குடிக்காம உக்காந்து பாடம் படிச்சுச்சு. கட்டுன ஆளுங்க ஒரே ஒரு நாள் அந்தப் புள்ளைட்டயோ அது அம்மாட்டயோ கேட்டுருந்தா, கட்டடத்துல கொஞ்சம் கொறச்சுக்கிட்டு மோட்டாரும், கழுவுற பொம்பளைக்கு மாசச் சம்பளமும் குடுங்கன்னு சொல்லிருப்பாங்க. சம்பளத்துக்குக் கல்லு வைக்க முடியாது, அதான் யாரும் அதக் குடுக்க மாட்டேங்கிறாங்க.

தர்மம் தப்புன்னு நான் சொல்லவே இல்ல. அழகர் ஆத்துல எறங்குறப்ப தெருவுக்குத் தெரு நீர்மோர்ப் பந்தல் போட்டு, யாரு எவருன்னு கேக்காம சோறு போடுற ஊரு நம்ம ஊரு, அந்தக் குணம் எனக்கும் பெருமைதான். ஆனா அந்தப் பசி அன்னைக்கோட முடிஞ்சுரும். வருஷம் பூரா இருக்க பசிக்கு அது பத்தாது.

எங்க ஸ்கூலுக்கே பெறந்த நாளு, நினைவு நாளுன்னு வந்து வடை பாயாசத்தோட சாப்பாடு போடுவாங்க. நல்ல மனசுக்காரங்க, கொற சொல்ல மாட்டேன். புள்ளைங்கள வரிசையா நிக்க வச்சுக் கைகூப்பி தேங்க்யூ சொல்ல வைப்பாங்க. மறுநாளு அந்தப் புள்ளைங்க என்னையத்தான் பாக்கும். அதே புள்ளைங்க நம்ம சத்துணவுல சாப்புடுறப்ப எப்படித் தெரியுமா, "டீச்சர் சாம்பார்ல உப்பே இல்ல", "எனக்கு முட்டை சின்னதா இருக்கு, மாத்திக் கொடுங்க"ன்னு சண்டைக்கு வரும். அதக் கேக்கறப்ப எனக்குக் கோவமே வராது பாப்பா. தர்மமாப் போட்ட சோத்துல உப்பு இல்லன்னு எந்தப் புள்ளையும் சொல்லாது. இது என் சோறுன்னு தெரிஞ்ச புள்ளதான் சொல்லும். காமராஜர் 1956ல ஆரம்பிச்சு, எம்ஜிஆர் 1982ல பெருசாக்கி, அப்பறம் வந்தவங்க முட்டைய வாரம் அஞ்சு நாளாக்கி, 2022 செப்டம்பர் 15ல நம்ம மதுரை சிம்மக்கல் ஆதிமூலம் ஸ்கூல்ல காலைச் சாப்பாட்டையும் தொடங்கி வச்சாங்கள்ல, இதெல்லாம் எந்தப் பணக்காரரும் தன் கைக்காசுல செஞ்சிருக்க முடியாது. திங்கக்கெழம காலைல வயித்தக் கட்டிக்கிட்டு வந்து பிரேயர்ல மயங்கி விழுந்த புள்ளைங்கள நான் தூக்கிருக்கேன், அதுனால சொல்றேன், அரசாங்கம் செய்ய வேண்டியத நாங்க செஞ்சுர்றோம்னு யாரும் வந்தா எனக்குப் பயமா இருக்கு. அவங்க அடுத்த வருஷம் வேற ஊருக்குப் போயிருவாங்க.

அப்ப தனி ஆளுங்க கொடுக்கறதுக்கு அர்த்தமே இல்லையான்னு கேப்ப. இருக்கு, நம்ம ஊருலயே இருக்கு.

உங்க அப்பத்தாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்து வாசப்படி தெரியாமத் தடவிக்கிட்டுத் திரிஞ்சது உனக்கு ஞாபகம் இருக்காது, நீ சின்னப் புள்ள. உசிலம்பட்டில கேம்ப் போட்டு அரவிந்த் ஆஸ்பத்திரிக்காரங்க பஸ்லயே கூட்டிட்டுப் போயி, ஆப்ரேஷன் பண்ணி, சோறு போட்டு, திரும்பக் கொண்டாந்து விட்டாங்க, ஒத்தப் பைசா வாங்கல. வந்து நாலஞ்சு நாள்ல சொளகுல அரிசியப் போட்டுக் கல்லுப் பொறுக்க ஆரம்பிச்சிருச்சு கெழவி, யாரு சொன்னாலும் கேக்கல. வெங்கடசாமி டாக்டர் கவர்மென்ட் வேலைல ரிட்டையர் ஆன பெறகு 1976ல 11 பெட்டோட ஆரம்பிச்சது அது, ரெண்டு கை வெரலும் முடக்குவாதத்துல கோணிப் போன மனுசன். அவங்க எப்படி ஓட்டுறாங்கன்னா, காசு இருக்கவங்க கொடுக்குற பீஸ்லதான் இல்லாதவங்களுக்கும் ஆப்ரேஷன் நடக்குது, அதே டாக்டருங்கதான் ரெண்டு பக்கமும் மாறி மாறிப் பாக்குறாங்க. இன்னொண்ணு இதவிடப் பெருசு. கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ் அப்பல்லாம் வெளிநாட்டுல இருந்து வரணும், யானை வெல. வெளியில இருந்து உதவுனவங்க லென்ஸையே கொடுத்துக்கிட்டு இருக்காம, அதச் செய்யுற தொழில இங்க கொண்டாரதுக்கு உதவுனாங்க. 1992ல மதுரைலயே ஆரோலேப்னு ஆரம்பிச்சாங்க, வெல மடமடன்னு எறங்கிருச்சு, இப்ப இங்க இருந்து வெளிநாட்டுக்குப் போகுது.

அப்பறம் நம்ம மதுரைப் பக்கம் கொடிக்குளம் ஆயி பூரணம் அம்மா. பேங்க்ல கிளர்க்கு வேலை பாக்குறவங்க, 7 கோடி ரூவா பெறும்னு சொல்ற 1 ஏக்கர் 52 சென்ட் எடத்த அந்த ஊரு கவர்மென்ட் ஸ்கூலு பெருசாகட்டும்னு எழுதிக் கொடுத்துட்டாங்க, எறந்துபோன மக ஜனனி பேரு வைங்கன்னு மட்டும் கேட்டாங்க. 2024 குடியரசு தினத்துல அரசு விருது கொடுத்துச்சு. அவங்க நெனச்சிருந்தா அந்த எடத்துல டிரஸ்ட் வச்சு சொந்தமா ஒரு ஸ்கூல் நடத்திருக்கலாம். அரசாங்கத்துகிட்டக் கொடுத்தாங்க, இனிமே வாத்தியாரு போட வேண்டியதும் சம்பளம் கொடுக்க வேண்டியதும் அரசாங்கத்தோட பொறுப்பு. இவங்க யோசிச்ச மாதிரி உங்க கமிட்டில இருக்க பெரியவங்க யோசிக்கணும்னு ஆசையா இருக்கு.

புல்லுசேரி சின்னப்பிள்ளை அம்மாவையும் எடுத்துக்க, களஞ்சியம்ங்கிற பொம்பளைங்க சேமிப்புக் குழுவுல இருந்தது கூலிக்காரப் பொம்பளைங்களே சேத்த காசு. அவங்களுக்கு 'தான்' (DHAN) அறக்கட்டளைங்கிற அமைப்பு கொடுத்தது தர்மம் இல்ல, கூடி நிக்கச் சொல்லிக் கொடுத்தது, கணக்குச் சொல்லிக் கொடுத்தது. வட்டிக்காரன் வாசல்ல நிக்கிற பொழப்பு மாறுச்சு. பிரதமரா இருந்த வாஜ்பாயி சின்னப்பிள்ளை அம்மா கால்ல விழுந்தாரு, 2019ல அவங்களுக்குப் பத்மஸ்ரீ.

இன்னொண்ணு கேக்கணும், கோவிச்சுக்காத. உங்க ஆபீஸ்ல ராத்திரி பாத்ரூம் கழுவுற அக்காங்க இருப்பாங்கள்ல, கான்ட்ராக்ட் ஆளுங்க, அவங்களுக்கு எவ்வளவு சம்பளம், பிஎஃப் ஒழுங்காக் கட்டுறாங்களா, லீவு உண்டா? அவங்க புள்ளைங்களும் ஏதோ ஒரு கவர்மென்ட் ஸ்கூல்லதான் படிக்கும். அங்க கொறச்சுட்டு இங்க வந்து ஸ்கூல் பேக் கொடுக்கறதுல எனக்குச் சம்மதமில்ல. சிஎஸ்ஆர் கமிட்டிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு சொல்லுவாங்க, நீ கேட்டுப் பாரு.

சரி, இப்ப நீ செய்ய வேண்டியது. எந்த ஸ்கூலுக்குப் போனாலும் ஹெட்மாஸ்டர மட்டும் பாத்துட்டு வந்துராத. ஸ்கூல் மேனேஜ்மென்ட் கமிட்டி ஒவ்வொரு கவர்மென்ட் ஸ்கூல்லயும் இருக்கு, நாலுல மூணு பங்கு பெத்தவங்களா இருக்கணும், பாதிக்குப் பாதி பொம்பளைங்க இருக்கணும்னு சட்டமே சொல்லுது. அவங்கள உக்கார வச்சுக் கேளு. பெரிய புள்ளைங்ககிட்டத் தனியாக் கேளு, வாத்தியாரு பக்கத்துல நின்னா வாயத் தெறக்காது. ஒரு வருஷத்துக்கு வாங்கிக் கொடுத்துட்டு ஓடுற வேலை வேணாம், அஞ்சு வருஷத்துக்கு மாசாமாசம் வர்ற மாதிரி எழுதி வாங்கு, அஞ்சு வருஷம் முடிஞ்ச பெறகு பஞ்சாயத்தோ அரசாங்கமோ எடுத்துக்குறதா முன்னாடியே பேசி முடி. கல்லு வைக்காம முடிஞ்சா ரொம்ப நல்லது.

வர்றதா இருந்தா ரெண்டு நாளைக்கு முந்தி போன் போடு. பொம்பளைங்கல்லாம் நூறு நாள் வேலைக்கும் களை எடுக்கவும் போயிருவாங்க, நாலு மணிக்கு மேலதான் கைக்குக் கெடைப்பாங்க, நான் சொல்லி வச்சு எல்லாரையும் வரச் சொல்றேன். சந்தை நாளா மட்டும் வேணாம். உங்க ஆபீஸ்காரங்க எத்தன பேரு வர்றாங்கன்னும் சொல்லிரு, நம்ம வீட்டுலயே சாப்பாடு.

இப்படிக்கு,
அம்மா