கேமரா சிறிதாக இருந்தால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

லஞ்சம் வாங்குவோரைக் கையும் களவுமாகப் பிடிக்க, ரசாயனம் தடவிய நோட்டுகளோடு ரகசியக் கேமராவும் கொண்டுபோகப்படுவதுண்டு. சட்டைப் பொத்தானிலோ பேனாவிலோ ஒளியும் இந்தக் கருவியை லஞ்ச ஒழிப்புத் துறை வாங்கும்போது மெகாபிக்சலையும் அளவையும் மட்டுமே பார்ப்பது பெரிய தவறு.

முதலில் லென்ஸின் கோணம். ஒருவரை இன்னார் என்று உறுதியாகச் சொல்ல, காட்சியின் அகலத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் படத்தில் சுமார் 250 பிக்சல் (படப் புள்ளி) வேண்டும். 1920 பிக்சல் அகலமுள்ள படத்தில், 120 டிகிரி லென்ஸ் என்றால் இரண்டே கால் மீட்டருக்குள் இருப்பவர் முகம்தான் அப்படித் தெரியும். 60 டிகிரி என்றால் ஆறரை மீட்டர் வரை தாங்கும். மேசைக்கு எதிரே உட்கார அகலக் கோணம் சரி. வாசலில் நின்று எடுக்க அது உதவாது. அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் கறுத்துவிடும் என்பதால், எதிர்வெளிச்சத்தைச் சமாளிக்கும் வசதியும் அவசியம்.

படத்தைவிட ஒலிதான் அதிகம் ஏமாற்றுகிறது. பணம் கேட்ட வார்த்தையே வழக்கின் உயிர். மைக் துணிக்குள் இருந்தால் சட்டை உரசும் சத்தமும் மின்விசிறி இரைச்சலும் அந்த வார்த்தையை விழுங்கிவிடும். மைக்கின் வாய் துணிக்கு வெளியே திறந்திருக்க வேண்டும்.

அடுத்தது கடிகாரம். மலிவான கருவிகளில் பேட்டரி தீர்ந்ததும் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடும். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அதுவே போதும். புறப்படும் முன் நேரத்தைச் சரிபார்த்து, மகஜரில் (சாட்சிகள் முன் எழுதும் பதிவில்) குறிக்க வேண்டும். பழையதை அழித்து எழுதும் ‘லூப்’ பதிவை அணைத்துவிட வேண்டும். நீண்ட பதிவைக் கருவி பல கோப்புகளாகப் பிரிக்கும் இடத்தில் ஓரிரு வினாடி விடுபடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுச் சாட்சியத்துக்குத் தரும் சான்றிதழில், கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறியீடு) எழுத வேண்டும். ஆகவே கழற்றிச் சீலிடக்கூடிய மெமரி கார்டு உள்ள கருவியே நல்லது. கார்டைக் கணினியில் செருகி ஒருமுறை பார்த்துவிட்டுப் பிறகு சீலிடுவது கூடாது. கார்டில் எதுவும் மாறாமல் காக்கும் எழுதுதடுப்புக் கருவி வழியே நகலெடுத்து, அப்போதே ஹாஷ் கணக்கிட வேண்டும்.

டெண்டரை இறுதி செய்யும் முன், மின்விசிறி சுற்றும் ஒரு தாலுகா அலுவலக அறையில் மாலை 5 மணிக்கு ஒவ்வொரு கருவியிலும் பதிவு செய்து பாருங்கள். உரையாடலைச் சொல் விடாமல் எழுத முடியாத கருவியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

– ஒரு வாசகர், மதுரை