பீலிக்கு மேலே இருக்கும் காடு

மலையகத் தோட்டங்களை நடத்தும் கம்பனிகளுக்கும், அவற்றுக்கு மேலே நிற்கும் காடுகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன். எங்களுக்குத் தண்ணீர் என்றால், மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாக வந்து விழும் பீலித் தண்ணீர்தான். தேயிலை மலைக்கு மேலே ஒரு காட்டுத் துண்டு இருந்தது. அதற்குள்ளிருந்து ஊறி வந்தது. என் சின்ன வயதில் மாசி மாத வெயிலிலும் அது நின்றதில்லை. அப்புறம் அந்த மரங்கள் போய் யூக்கலிப்டஸ் வந்தது. இப்போது மாசியில் ஒரு குடம் நிரம்புவதற்குள் வரிசையில் இரண்டு சண்டை நடந்துவிடும்.

1873-இலேயே ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர், 5,000 அடிக்கு மேல் காட்டை வெட்ட விடாதீர்கள் என்று இலங்கை அரசுக்கு யோசனை சொன்னார். கோப்பிக்காக மலைகளை மொட்டையடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஹோர்டன் சமவெளியில் இன்றும் காடு நிற்பதில் அந்த யோசனைக்கும் பங்கு உண்டு. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் அங்கே தலைநீர் இருக்கிறது. மழை பெய்யாத நாளிலும் பாசி படர்ந்த கிளைகள் பனிமூட்டத்தைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குள் இறக்கும். வரிசையாக நட்ட யூக்கலிப்டஸ் அந்த வேலையைச் செய்யாது.

ஆனால் தோட்டங்களுக்கு நடுவே சிக்கிய சின்னக் காடுகளை யார் பார்ப்பது? கீழ்ப்பாதி குத்தகை நிலம், மேல்பாதி அரச காடு, தண்ணீர் போவது டவுனுக்கு. பன்றிக்கும் வரட்சிக்கும் இந்த எல்லைக்கல் தெரியாது.

ஹவாயில் இதே சிக்கல் இருந்தது. அங்கே கரும்புத் தோட்டக்காரர்களே, தண்ணீர் குறைகிறது என்று பயந்து, 1903-இல் காப்புக்காடுகளுக்குச் சட்டம் வர ஆதரவாக நின்றார்கள். 1991-இல் அங்குள்ள மாவி என்ற தீவின் கிழக்குப் பக்கத்தில் அரசும், கவுண்டி எனப்படும் உள்ளூர் நிர்வாகமும், தனியார் நில உரிமையாளர்களும் சேர்ந்து, சுமார் 1,00,000 ஏக்கர் நீரேந்து காட்டைப் பொதுவில் பார்த்துக்கொள்வதென்று ஒப்பந்தம் போட்டார்கள். நிலம் அவரவருக்கே, வேலி, பன்றி விரட்டுவது, வேண்டாத செடியைப் பிடுங்குவது எல்லாம் கூட்டாக. பிறகு மற்றத் தீவுகளும் அதே வழிக்கு வந்தன.

சரி, அங்கேயும் எல்லாம் நேராகிவிடவில்லை. அதே கிழக்கு மாவியில், ஓடைகளை வாய்க்காலில் திருப்பியதை எதிர்த்துச் சேம்பு பயிரிடும் பூர்வகுடிகள் 2001-இல் மனுப் போட்டார்கள். தீர்ப்பு வந்தது 2018-இல். காட்டைக் காக்க ஒன்றுசேர்ந்தவர்கள், கீழே தண்ணீர் யாருக்கு என்பதைப் பேசி முடிக்கவில்லை.

அதனால் எங்கள் பக்கம் கேட்பது இதுதான். ஒரே ஓர் ஓயாவில், அதாவது ஒரு சிற்றாற்றில், தொடங்குங்கள். அதன் தலையிலுள்ள காட்டை ஒரே வரைபடத்தில் போடுங்கள். யூக்கலிப்டஸை விறகுக்கு வெட்டும்போது அந்த இடத்தில் மலைக்கே உரிய மரத்தை நடுங்கள். நாற்று வளர்க்க எங்கள் பெண்களுக்குத் தெரியும். கூட்டத்தில் கொழுந்து எடுக்கும் இரண்டு பேருக்கு நாற்காலி போடுங்கள்.

கூட்டத்தை மட்டும் ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். மற்ற நாளில் வந்தால் அன்றைக்கு எங்களுக்குப் பேர் போட மாட்டார்கள், அன்றைய கூலி போய்விடும்.

இப்படிக்கு,
பீலித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன்