காசோலையின் அடிப்பட்டையை விட்டுவிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெறும் தாளில் முழுக் காசோலையையும் அலுவலக லேசர் பிரிண்டரிலேயே அடித்துக்கொள்ளலாம் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவன் நான். அறுவடை முடிந்தால் நெல் போட்டவர்களுக்கு ஒரே நாளில் அறுபது, எழுபது செக் போகும். எழுதி எழுதி விரல் மரத்துப்போன எனக்குப் பிரிண்டர் பெரிய உதவிதான், மறுக்கவில்லை.

ஆனால் அப்படி வெறும் தாளில், அடியில் உள்ள எண்வரி உட்பட முழுக் காசோலையையும் நாமே அடிப்பது அமெரிக்காவில் நடக்கிற காரியம். இங்கே காசோலைகளுக்கான சிடிஎஸ்-2010 தரப்படி தாளுக்குள்ளேயே நீர்க்குறி இருக்கவேண்டும், வங்கியின் சின்னம் புற ஊதா வெளிச்சத்தில் தெரியவேண்டும். ஆலை ஆபீசில் நடக்குமா? வங்கி தந்த தாளில் பெயர், தேதி, தொகை மட்டும் அடிக்கலாம். சரி, அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது.

அடிப்பட்டையில் உள்ள எண்வரியை எம்ஐசிஆர் என்பார்கள், இயந்திரம் வாசிப்பதற்கான காந்த மை எழுத்து. அந்த மையில் இரும்பு ஆக்சைடு உண்டு. இயந்திரம் அதற்குக் காந்தமேற்றித்தான் வாசிக்கிறது. அந்த வரியில் உள்ள ஒன்பது இலக்கக் குறியீட்டில் முதல் மூன்று ஊரைச் சொல்லும். திருநெல்வேலிக்கு 627, நம் பின்கோடின் தொடக்கமேதான். அடுத்த மூன்று வங்கி, கடைசி மூன்று கிளை. பல கறுப்பு லேசர் டோனர்களிலும் இரும்பு கலந்திருக்கிறது. அது இந்த வரிமேல் விழுந்தால் இயந்திரம் குழம்பும்.

எங்களுக்கு விழுந்தது. டிரேயில் தாள் சரிந்து, கையெழுத்துக்கு மேலே வரவேண்டிய ஆலைப் பெயர் எண்களின் மேலேறிவிட்டது. “தெரியத்தானே செய்யுது” என்று கொடுத்துவிட்டோம். செக் திரும்பிவிட்டது. கல்லிடைக்குறிச்சிப் பெரியவர் ஒருவர் வாசலில் வந்து நின்று, “ரூவா இல்லாமலா செக்கு குடுத்திய?” என்றார். கணக்கில் பணம் இருந்தது. காந்தக் கதையை அவரிடம் எப்படிச் சொல்ல? அன்றே ரொக்கமாகக் கொடுத்து அனுப்பினோம்.

அப்புறம் இதுதான் வழக்கம்: 202 மி.மீ.க்கு 92 மி.மீ. அளவில் வெட்டிய சாதாத் தாளில் முதலில் அடித்து, செக்கோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். பெயரிலோ தொகையிலோ பிசகினால் கோடு போட்டுத் திருத்தவும் முடியாது, தேதியைத் தவிர மற்றத் திருத்தம் செல்லாது. அந்தத் தாளே வீண்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். உங்கள் கட்டுரையைக் காட்டி, எண்வரியையும் அடிக்கக் காந்த டோனர் எங்கே கிடைக்கும் என்று இதற்குள் இரண்டு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஆலைக் கணக்கர், அம்பாசமுத்திரம்