திசான் பொட்டலத்தின் மேல் ஒரு சீட்டு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நம் மொரிஷியஸின் போர்ட் லூயி சந்தையில் சர்க்கரைக்கு, கொழுப்புக்கு, எடைக்கு என்று தனித்தனியாக திசான் என்னும் கஷாய மூலிகைக் கட்டுகள் விற்கிறார்கள், வாங்கும் கூட்டத்துக்கும் குறைவில்லை. மூலிகையே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். இன்று நம்மில் பலர் விழுங்கும் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினின் கதையே கலேகா என்ற ஐரோப்பியச் செடியில்தான் தொடங்குகிறது. அதிலிருந்த கலெகின் என்ற பொருள் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் நஞ்சாகவும் இருந்தது. அதன் உறவான மெட்ஃபார்மின் 1922இல் ஆய்வகத்தில் உருவாகி, ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1957இல் நீரிழிவு நோயாளிகளிடம் கண்ட பலனை எழுதிய பிறகுதான் மருந்தாக நிலைபெற்றது. நம் வீட்டுப் பாகற்காய்க்கும் வெந்தயத்துக்கும் ஆய்வுகள் உண்டு, பெரும்பாலும் சிறியவை. வெந்தயத்தின் நார்ச்சத்து சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தைத் தணிக்கிறது, சரி, அதற்காக மாத்திரையை நிறுத்தலாமா?

என் பக்கத்து வீட்டு அக்கா கிளிக்ளசைடு என்ற சர்க்கரை மாத்திரையோடு பாகற்காய்ச் சாறும் குடிக்கிறார், டாக்டரிடம் சொல்வதில்லை, திட்டுவாராம்! இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிட்டால் மயக்கம்தான்.

முன்னாள் ஜனாதிபதி அமீனா குரிப்-ஃபகிமே நம் தீவின் மூலிகைகளை ஆராய்ந்தவர். ஆனாலும் பொட்டலத்தில் செடியின் பெயர்கூட இருப்பதில்லை. பெயர், அளவு, எந்த மாத்திரையோடு ஆகாது, இந்த மூன்றையாவது அச்சிடச் சொல்லுங்கள். அப்புறம், கிளினிக்கில் டாக்டர்களும் "என்ன கஷாயம் குடிக்கிறீர்கள்?" என்று முகம் சுளிக்காமல் கேட்கட்டும்.

ஒரு வாசகி, ரோஸ் ஹில்