காஷ்மீர் பயணத்தில் ஒரு நாள் ஏன் கூடியது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பங்குனி மாதக் காஷ்மீர் பயணம் இந்த ஆண்டு ஒரு நாள் நீள்கிறது. கட்டணமும் ஆளுக்கு 1,900 ரூபாய் கூடியிருக்கிறது. வண்ணாரப்பேட்டையிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் பலர் அலுவலகத்துக்கே வந்து காரணம் கேட்டார்கள். சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்களுக்கு இது சின்னத் தொகை அல்ல. ஆகவே எல்லோருக்கும் எழுதிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு மாசியில் நம் குழு ஸ்ரீநகரிலிருந்து வேனில் ஜம்முவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பனிஹால் தாண்டியதும் வண்டிகள் நின்றுவிட்டன. ராம்பன் அருகே மலை சரிந்து சாலையை மூடியிருந்தது. அன்று இரவு முழுவதும் வேனிலேயே கழிந்தது. மறுநாள் ஒரு விடுதியின் கூடத்தில் இடம் கிடைத்தது. எழுபது வயது தாண்டிய மூவர் அந்தக் குழுவில் இருந்தார்கள். ஜம்முவில் பிடிக்க வேண்டிய ரயிலும் போய்விட்டது. மழையும் பனியும் எங்கள் கையில் இல்லை. ஆனால் ஜம்முவை அடையும் அதே நாளில் சென்னை ரயிலுக்கு டிக்கெட் எடுத்தது நாங்கள். அந்தத் தவறு எங்களுடையது.

பங்குனிக்குள் குளிர் குறைந்துவிடும், பாதை எளிதாகிவிடும் என்று நினைப்பது இயல்பு. மலையில் நிலைமை வேறு. கடுங்குளிரில் பனி இறுகிக் கிடக்கும். மாசி பிறந்து வெயில் ஏறியதும் அது உருகி மண்ணுக்குள் இறங்கும். மத்திய தரைக்கடல் பக்கம் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகள் ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இமயமலைக்கு வருகின்றன. வானிலையாளர்கள் இவற்றை மேற்கத்திய இடையூறு என்கிறார்கள். ஏற்கெனவே ஊறிப்போன சரிவில் அந்த மழையும் கொட்டினால் மண்ணும் பாறையும் சேர்ந்து இறங்கிவிடும். ராம்பனுக்கும் பனிஹாலுக்கும் இடைப்பட்ட பகுதியில் இது அடிக்கடி நடக்கிறது.

நமக்கு மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். எண்ணூரில் விடியற்காலை மூடுபனி இருக்கும், எட்டு மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடிக்கும். புல்நுனித் துளியையும் குல்மார்கில் முழங்கால் அளவு கிடப்பதையும் நாம் பனி என்ற ஒரே சொல்லால்தான் சொல்கிறோம். ஒரு சால்வை போதாதா என்று சிலர் கேட்பது அதனால்தான் என்று தோன்றுகிறது. போதாது. கம்பளிக் காலுறை, காதை மூடும் குல்லா, நனையாத காலணி மூன்றும் கட்டாயம் வேண்டும்.

இந்த ஆண்டு மலைச்சாலையை முடிந்தவரை தவிர்க்கிறோம். 2025 ஜூன் 6 அன்று ஜம்முவை அடுத்த கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது. செனாப் ஆற்றுக்கு 359 மீட்டர் மேலே பாலத்தில் போய், சுமார் மூன்று மணி நேரத்தில் ஸ்ரீநகர் சேர்ந்துவிடலாம். ஆனால் கட்ராவிலிருந்து சென்னைக்கு நேரடியாக வரும் அந்தமான் எக்ஸ்பிரஸ் வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது. அதைத் தவறவிட்டால் குடும்பத்தோடு தவிக்க வேண்டியிருக்கும். கூடுதல் நாளை அதற்காகவே கட்ராவில் வைத்திருக்கிறோம். கட்டணத்தில் கூடிய தொகை அந்த ஓர் இரவின் அறைக்கும் சாப்பாட்டுக்கும்தான்.

ஸ்ரீநகரின் டூலிப் தோட்டம் வழக்கமாக மார்ச் கடைசி வாரத்தை ஒட்டித் திறக்கிறது. பூ மலரும் நாளை வானிலைதான் முடிவு செய்யும், ஆகவே அதற்கு நாங்கள் வாக்குக் கொடுப்பதில்லை. சோனாமார்குக்குச் சுரங்கப்பாதை வந்துவிட்டது. அதற்கு மேலே சோஜி லா கணவாய் பனியால் மூடப்படும் என்பதால், லடாக்கைச் சேர்த்துக் கேட்பவர்கள் கோடை வரை பொறுத்திருங்கள்.

காசி, கயா போகிறவர்களுக்குக் கவலை குறைவு. ரயில்களைத் தாமதமாக்கும் மூடுபனி மார்ச்சுக்குள் விலகிவிடும். மாதத் தொடக்கத்தில் படித்துறையில் காலையில் குளிரும், மாதக் கடைசியில் நண்பகல் வெயில் சுடும். ஹோலியன்று பிற்பகல் வரை ஆட்டோ கிடைப்பது கடினம். ஆகவே அன்று காலையில் சடங்கு எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கொல்கத்தா வழியாக டார்ஜிலிங் போகிறவர்களுக்குக் காலை விமானமே எடுத்துத் தருகிறோம். வங்காளத்தில் மார்ச் முதல் மே வரை பிற்பகலிலும் மாலையிலும் கால்பைசாகி என்னும் இடிப்புயல் திடீரென்று எழும்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கத் தெரியாவிட்டால் அலுவலகத்துக்கு வாருங்கள், கட்டணமின்றி எடுத்துத் தருகிறோம். மார்ச் மாதத்தில் மலையேற்றம் ஏற்பாடு செய்யச் சொல்லி மட்டும் கேட்க வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் சென்னையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். காய்ந்த காட்டுக்குள் யாரையும் அனுப்ப எங்களுக்கு மனம் வராது.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. காஷ்மீர் பயணத்துக்கு முன்பணம் கட்டியவர்கள் கூடுதல் நாள் வேண்டாம் என்றால், மாசி மகத்துக்குள் சொல்லிவிடுங்கள். பணம் முழுவதையும் திருப்பித் தருகிறோம். ஒரு நாளைக் குறைத்துப் பழைய கட்டணத்துக்கே அழைத்துப் போகும்படி மட்டும் கேட்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பயண ஏற்பாட்டாளர்,
பழைய வண்ணாரப்பேட்டை