வெள்ளக் குரூப்புல வெள்ளத்தப் பத்தி மட்டும் பேச விடுங்க: அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

நம்ம ஏரியா மழை வாட்ஸ்அப் குரூப் அட்மின்களுக்கும், நலச்சங்க நிர்வாகிகளுக்கும், குரூப்புல இருக்குற அண்ணன், அக்கா, தம்பிங்க எல்லாருக்கும் வணக்கம்.

போன மழையில குரூப்புல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், அதனால முழுசா எழுதல. ஆனா ஒண்ண மட்டும் சொல்லியே ஆகணும். எங்க பக்கத்து வீட்டு அக்கா அன்னிக்கு ராத்திரி ஒரு மெசேஜ் போட்டாங்க. அப்பாவுக்குக் காலையில டயாலிசிஸ், தெருவுல முழங்காலுக்கு மேல தண்ணி, மெயின் ரோட்டுக்கு எந்தப் பக்கமா வண்டி போகும், யாராவது பாத்தீங்களா. இவ்வளவு தான் கேட்டாங்க. அதுக்குக் கீழ வந்தது செம்பரம்பாக்கம் ஏரி ஷட்டர் வீடியோ, அது இந்த வருஷமா 2015 வெள்ளத்துல எடுத்ததான்னு ஒரு சண்டை, அந்தச் சண்டை அப்படியே எந்த ஆட்சி மோசம்னு போயி, நடுவுல ஒருத்தர் பிளாட் விற்பனைக்குன்னு போட்டு, ராசிபலன் வந்து, விடியும்போது ரோஜாப்பூ படத்தோட காலை வணக்கம். கரண்ட் இல்ல, டவர் விட்டு விட்டு வருது, போன்ல இருந்ததே கொஞ்சூண்டு சார்ஜ். யாராச்சும் பதில் போட்டாங்களான்னு மேலயும் கீழயும் தள்ளித் தள்ளிப் பாத்தே அந்த அக்கா போன் ஆஃப் ஆயிருச்சு.

பதில் வந்திருந்துச்சுங்க, அது தான் வயித்தெரிச்சல். ரெண்டு தெரு தள்ளி டிராக்டர் வச்சிருக்குற ஒருத்தர் நான் வர்றேன்மான்னு நம்பரோட போட்டிருக்காரு. அந்த வீடியோ சண்டைக்கு நடுவுல அது யார் கண்ணுலயும் படல. பெரியவர் மறுநாள் தான் ஆஸ்பத்திரிக்குப் போனாரு, கால் ரெண்டும் வீங்கி, படுத்தா மூச்சு முட்டுதுன்னு ராத்திரி பூரா சேர்லயே உக்காந்திருந்தாரு. டயாலிசிஸ் ஒரு நாள் தள்ளிப்போனா உடம்புல தண்ணி எப்படி ஏறும்னு அந்த வீட்டுல இருக்குறவங்களுக்குத் தான் தெரியும்.

அதனால தான் கேக்குறேன், தயவுசெஞ்சு இந்த குரூப்ப மழை வெள்ளத்துக்கு மட்டும்னு வையுங்க.

போன தடவ இதச் சொன்னதுக்கு "எல்லாமே நம்ம ஏரியா விஷயம் தானே, இப்படி கண்டிஷன் போட்டா யாரும் பேசவே மாட்டாங்க"ன்னு சில பேர் வருத்தப்பட்டீங்க. பேசுங்க, யார் வேணாம்னா. கோயில் விசேஷம், வீட்டு வாடகை, அரசியல் எல்லாத்துக்கும் இன்னொரு குரூப் இருக்கட்டும், நானும் அதுல இருக்கேன். மழைக்காலத்துல இந்த ஒண்ணு மட்டும் காலியா, அமைதியா இருக்கணும், ஒருத்தர் உதவின்னு போட்டா அது தான் கடைசி மெசேஜா எல்லார் போன்லயும் தெரியணும்.

அப்புறம் சம்பந்தப்பட்டது எது, சம்பந்தமில்லாதது எதுங்கறதுலயே நமக்குத் தெளிவு இல்ல. செம்பரம்பாக்கத்துல எத்தன அடி, எத்தன கன அடி திறந்தாங்கன்னு ராத்திரி முழுக்க பேசுறோம். அந்த உபரித் தண்ணி அடையாத்துல வந்து சேர்றது திருநீர்மலை பக்கத்துல, ஆத்து ஓட்டத்துல நமக்குக் கீழ. நம்ம முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் ஏறுற தண்ணி ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம், படப்பைன்னு மேல இருக்குற ஏரிங்க நிரம்பி வர்றது. செம்பரம்பாக்கத்தத் திறக்கலன்னு நிம்மதியா தூங்கப்போனவங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்ததும் நடந்திருக்கு. ஆதனூர் ஏரி நிரம்பி வழியுற கலங்கல்ல தண்ணி போகுதான்னு பாத்து ஒரு வரி போட ஆள் இல்லாம, செம்பரம்பாக்கம் வீடியோ மட்டும் திரும்பத் திரும்ப வருது. 2023 மிக்ஜாம் புயல் அப்ப பெருங்களத்தூர் பக்கம் முதலை ரோட்டக் கடந்து போன வீடியோவும் அப்படித் தான், முதல்ல போட்டவர் நல்லது செஞ்சாரு, ராத்திரி வெளிய நடக்குறவங்களுக்கு அது தேவையான தகவல். அதையே மறுநாள் சாயங்காலம் வரைக்கும் ஆளுக்கொருத்தரா பார்வர்ட் பண்ணது யாருக்கு?

இதுல எனக்கு ரொம்பக் கோவம் வந்த விஷயம் வேற. நம்ம தெரு முனையில மழைநீர் வடிகால கட்டிட்டு ஆத்தோட சேக்காமலே விட்டிருக்காங்க, அதுக்கு சங்கம் மனு குடுத்துச்சா, என்ன பதில் வந்துச்சுன்னு ஒரு தம்பி கேட்டான். மரியாதையா தான் கேட்டான், போட்டோவும் போட்டான். உடனே "குரூப்புக்குச் சம்பந்தமில்லாதது"ன்னு மெசேஜ டெலீட் பண்ணி, அவனையும் குரூப்ப விட்டு எடுத்துட்டீங்க. ராசிபலனுக்கு இடம் இருக்கு, பிளாட் விளம்பரத்துக்கு இடம் இருக்கு, தண்ணி ஏன் வடியலங்கற கேள்விக்கு இடம் இல்லையா சார்? வெள்ளக் குரூப்புல அதவிட சம்பந்தமுள்ள கேள்வி எது? ரூல் வேணும்னு கேக்குறவன் நான், ஆனா அந்த ரூல் பிடிக்காத கேள்வி கேட்டவன வெளிய தள்ள மட்டும் வெளிய வந்தா, நாளைக்கு நிஜமாவே அவசரம்னா கூட வாயத் திறக்க ஜனங்க யோசிப்பாங்க. ஒவ்வொரு வருஷமும் இடுப்பளவு தண்ணியில நின்னு அதிகாரிங்க வந்து பாத்துட்டுப் போறதப் பாக்குறோம், வெயில் அடிச்சதும் எல்லாரும் மறந்துடுறாங்க, அந்தக் கேள்விய நமக்குள்ளயாவது கேக்க விடுங்க.

கோவத்துல எழுதுறேன்னு நினைக்காதீங்க. சம்பளம் இல்லாம, தூக்கம் இல்லாம இத நடத்துறீங்க, 2015-ல போட் வர வச்சு எத்தன வீட்டு ஆளுங்கள வெளிய கொண்டு வந்தீங்கன்னு இந்த ஏரியாவே சொல்லும். அந்த மரியாதையோட தான் கேக்குறேன்.

அட்மின் மட்டும் மெசேஜ் போடுற மாதிரி செட்டிங்க மாத்திடலாம்னு ஒரு பேச்சு ஓடுது, அது வேண்டாம். உதவி கேக்குறவங்க வாயையும் அது அடைச்சிடும். அதுக்குப் பதிலா அரசாங்க பேரிடர் உதவி நம்பர் 1070, 1077, டிராக்டர் அண்ணன் நம்பர், போட் வச்சிருக்குறவங்க நம்பர் எல்லாத்தையும் ஒரே மெசேஜா போட்டு மேல பின் பண்ணி வைங்க. உதவி கேட்டவங்களுக்குப் பதில் போடுறவங்க அந்த மெசேஜ்லயே ரிப்ளை பண்ணணும்னு சொல்லுங்க. சம்பந்தமில்லாதது வந்தா, போட்டது சங்கத் தலைவராவே இருந்தாலும் எடுத்துடுங்க, எடுத்ததும் ஏன்னு அவருக்குத் தனியா ஒரு வரி போடுங்க. ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல குரூப்பப் பாத்துக்க ஆள் வேணும்னா நான் முழிச்சிருக்கேன், இன்னும் ரெண்டு பேர் கூட வந்தா மாத்தி மாத்திப் பாத்துக்கலாம்.

அந்தத் தம்பியத் திரும்பச் சேருங்க. அவன் கேட்ட வடிகால் கேள்விக்கு ஞாயித்துக்கிழமை சங்கக் கூட்டத்துல பதில் சொல்லுங்க. அடுத்த மழைக்கு முன்னாடி இந்த குரூப் வெள்ளத்துக்கு மட்டும்னு நீங்களே ஒரு அறிவிப்பு போட்டுடுங்க, கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
ஆத்தோரத் தெருவுல குடியிருக்குற உங்கள்ல ஒருத்தன்