விண்டோஸ் 7-க்கு வெளியிட்ட திருத்தங்களை எட்டும்படி வையுங்கள்

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் அப்டேட் பிரிவினருக்கு,

வணக்கம். விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவை 2020 ஜனவரி 14 அன்று நீங்கள் முடித்துக்கொண்டதை எதிர்த்து இம்மடலை எழுதவில்லை. எந்த இயங்குதளத்துக்கும் காலமெல்லாம் புதிய திருத்தங்களை எழுதிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் ஏற்கெனவே எழுதி, சோதித்து, வெளியிட்டுவிட்ட திருத்தங்கள் பழைய கணினியைச் சென்றடையும் வழி அடைபடக் கூடாது.

திருத்தம் உங்களிடமிருந்தே வந்தது என்பதை உறுதிசெய்யும் ஷா-1 என்ற பழைய மின்கையொப்ப முறையை நம்பிய பழைய வழங்கிகளை (சர்வர்களை) 2020-இல் நிறுத்தினீர்கள். அந்தக் கையொப்ப முறையை உடைக்க முடியும் என்று 2017-இலேயே செய்து காட்டப்பட்டுவிட்டதால் முடிவு சரியானதே. விளைவுதான் கடுமையானது. இன்று விண்டோஸ் 7-ஐ மூல வட்டிலிருந்து நிறுவினால், அதற்கு மாற்றான ஷா-2 முறைக்கு ஆதரவைத் தரும் கேபி 4474419, கேபி 4490628 என்ற எண்ணுள்ள இரண்டு திருத்தங்களையும் வேறொரு கணினியில் தேடி இறக்கிக் கொண்டுவந்து நிறுவும்வரை விண்டோஸ் அப்டேட் வேலை செய்வதில்லை. தளங்களோடு பாதுகாப்பாக இணைய உதவும் டிஎல்எஸ் 1.2 நெறிமுறை இயல்பாக முடக்கப்பட்டிருப்பதால், உடன் வரும் உலாவியில் பெரும்பாலான தளங்களும் திறப்பதில்லை. கணினி அறிந்தவர் சமாளித்துவிடுவார். ஆய்வகக் கருவியோ கடைசல் எந்திரமோ அந்த இயங்குதளத்தில் மட்டுமே ஓடும் என்பதற்காக அதை விடாமல் வைத்திருப்பவர், திருத்தமே இல்லாமல் ஓட்டத் தொடங்கிவிடுவார்.

அதன் விலை என்ன என்பதை 2018 ஆகஸ்டில் தைவானின் சில்லு உற்பத்தி நிறுவனமான டிஎஸ்எம்சியின் ஆலைகளில் பார்த்தோம். புதிய கருவி ஒன்றில் மென்பொருள் நிறுவியபோது நுழைந்த வானாக்ரை வகை நச்சுநிரல், திருத்தம் போடாத விண்டோஸ் 7 எந்திரங்களுக்குப் பரவி உற்பத்தியை முடக்கியது. அதைத் தடுக்கும் திருத்தத்தை நீங்கள் 2017 மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தீர்கள்.

2016 மே மாதத்தில், அதுவரை வந்த பெரும்பாலான திருத்தங்களை ஒரே தொகுப்பாகத் தந்தீர்கள். அதே போல 2020 ஜனவரி வரையிலான இறுதித் தொகுப்பு ஒன்றை, மேற்சொன்ன இரண்டு கேபி திருத்தங்களும் முதலில் நிறுவப்படும் வகையில், இணையத்தில் இணைக்காமலே நிறுவக்கூடியதாக வெளியிடுங்கள். கோப்பை யாரும் மாற்றவில்லை என்று உறுதிசெய்ய உதவும் அதன் சரிபார்ப்பு எண்ணை உங்கள் தளத்திலேயே பதிப்பித்து, கோப்பை நிரந்தரமாக அங்கே வையுங்கள். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கும் குழுவினர் தம் பழைய பதிப்புகளின் மென்பொருள் பொதிகளைத் தனிக் காப்பகத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள். உங்களைவிட மிகச் சிறிய வளத்தோடு அதைச் செய்கிறார்கள். இப்போது இந்தப் பணியைத் தன்னார்வலர்கள் தங்கள் வழங்கிகளில் செய்துவருகிறார்கள். அவர்கள் உழைப்பை மதிக்கிறேன், ஆயினும் இயங்குதளத்தின் திருத்தங்களை அதை உருவாக்கியவரிடமிருந்தே பெறும் உரிமை பயனருக்கு உண்டு.

விண்டோஸ் 10-இன் பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதற்கான தொகுப்பையும் வழங்கிகள் இயங்கும்போதே அணியம் செய்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய கணினிகளைப் பராமரிக்கும் ஒரு பயனர்